பெருநாள் மூன்றாம் நாள் நோன்பு

அந்தப் பட்டியலை நினைத்தாலே எனக்கு இன்னும் எரிச்சல்தான். எங்கள் பள்ளிவாசலில் மாதம் ஒருமுறை ஏழை முதியவர்களுக்கு அரிசி, பருப்பு, மா, சீனி, ஒரு டின் மீன் என்று பொதி கட்டிக் கொடுத்துவந்தோம். சாமான் விலை ஏற ஏறப் பொதிகள் குறைந்தன. வாங்க வருகிற ஆட்கள் குறையவில்லை. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு நாலு பேர் உட்கார்ந்து பட்டியலில் யார் பெயரை வெட்டுவது என்று பேசினோம். இரண்டு மணித்தியாலப் பேச்சில் முக்கால்வாசி, யார் ஊர் ஆள், யார் வந்த ஆள் என்ற அதே பழைய பல்லவி.

வந்த ஆள் என்றால், சண்டைக் காலத்தில் படுவான்கரையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாவியைக் கடந்து வந்தவர்கள். வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. இங்கேயே பிள்ளை பெற்று, இங்கேயே மையித்தும் அடக்கியாயிற்று. இன்னும் வந்த ஆள்தானாம்! மேசையில் தட்டிச் சண்டை பிடித்தேன். பிடித்துவிட்டு, கடைசியில் ஒரு பெயரை நானே சொன்னேன். எங்கள் ஒழுங்கையில் தனியாக இருக்கும் வயசான உம்மா ஒருவர். அவரும் வந்த ஆள்தான்.

"அவ எந்த நாளும் நோம்பு. ஒரு வயிறுதானே, சமாளிப்பா," என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பேனையும் என் கையில்தான் இருந்தது.

நான் பொய் சொல்லவில்லை. எப்போது "சாப்பிட்டீங்களா உம்மா?" என்று கேட்டாலும் "நோம்பு மகன்" என்பார். அவருடைய மார்க்கப் பேணுதலை என் மனைவியிடம் வாய் ஓயாமல் புகழ்ந்திருக்கிறேன். எத்தனை பெரிய மடையன் நான்!

மூன்று மாதம் கழித்து ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. மூன்றாம் நாள் பகல், வீட்டில் மிஞ்சிய குர்பான் இறைச்சியைப் பையில் போட்டுக்கொண்டு அவரிடம் போனேன். வழமைபோல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன்.

"நோம்பு மகன்."

பெருநாளன்றும் அடுத்த மூன்று நாளும் நோன்பு பிடிக்கவே கூடாது. ஓதப் போகும் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன உம்மா, இண்டைக்கு நோம்பு ஹராமெல்லா!"

அவர் முக்காட்டுத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அடுப்பைப் பார்த்தேன். அன்றைக்கு நெருப்பு மூட்டிய அடையாளமே இல்லை.

"வாயில பழகிப்போச்சி மகன். நோம்பெண்டு சொன்னா மறுகா ஆரும் ஒண்டும் கேக்கமாட்டாங்க."

"பசியெண்டு சொல்லியிரிக்கலாமே!" என்று கத்தினேன். யார் மேல் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பள்ளியில சொல்லிராதீங்க மகன். பொய் சொன்னவ எண்டு லிஸ்டில பேர வெட்டிருவாங்க. மூணு மாசமாப் பொதி பிந்துது. எப்பிடியும் வரும் எண்டுதான் பாத்துக்கிட்டு இரிக்கன்."

"வெட்டமாட்டாங்க உம்மா," என்றேன்.

அதற்காக அவர் இரண்டு கையையும் ஏந்தி எனக்காக துஆக் கேட்டார். வெட்டியவன் நான்தான் என்று சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.