வாழ்த்துகள், நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது

பெயர் தெரியாத நோயோடு வாழும் குடும்பங்களுக்கு ஒத்தாசை செய்வது என் வேலை. மருந்தெல்லாம் என்னிடம் கிடையாது. ஃபாரம் நிரப்புவேன், கூட உட்காருவேன், திட்டும் வாங்குவேன். கவுண்டர் கவுண்டராக அலைந்து நொந்தவர்களே, உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

காலிக் கட்டம்

என்னை அதிகம் திட்டியவர் சிங்கப்பூரின் சுவா சூ காங் வட்டாரத்துச் செல்வி. அவர் மகள் யாழினிக்கு அப்போது ஒன்பது வயது. நடையும் இல்லை, பேச்சும் இல்லை. என்ன நோய் என்று எந்த டாக்டருக்கும் தெரியவில்லை. லிஃப்ட் ‘டிங்’ என்றால் மட்டும் அவள் அடுக்குமாடி புளோக்கே அதிரச் சிரிப்பாள். “அந்தச் சிரிப்பும் நோயாக இருக்கலாம்” என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மகள் சிரித்தால் செல்வி கூடச் சிரிக்காமல், இதுவும் நோயோ என்று பயந்து அவள் முகத்தையே பார்ப்பார்.

பள்ளி வேனுக்கான ஃபாரத்தில் ‘நோயின் பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. நான் கெட்டிக்காரத்தனமாக ‘தேடிக்கொண்டிருக்கிறோம்’ என்று எழுதினேன். ஃபாரம் திரும்பி வந்துவிட்டது. செல்வி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“பேர் இல்லன்னா வியாதியே இல்லையாக்கா? அப்ப எம்பொண்ண எழுந்து நடக்கச் சொல்லுங்க லா!”

கேசரி

போன வருஷம் லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். செல்வி போன் செய்தார். மரபணுப் பரிசோதனையில் நோயின் பெயர் தெரிந்துவிட்டதாம். “கங்கிராட்ஸ் செல்வி!” என்று கத்திவிட்டேன். எங்கள் தொழிலில் அப்படித்தான். முதலில் வாழ்த்து, அப்புறம் அழுகை.

பரிமாறுகிற அண்ணன் சிரித்துக்கொண்டே ஒரு தட்டுக் கேசரியை வைத்தார். “நல்ல சேதி போல. குழந்தை பொறந்திருக்கா?” என்றார். இல்லையண்ணே, ஒரு பிள்ளையின் நோய்க்குப் பெயர் தெரிந்திருக்கிறது, மருந்து இன்னும் இல்லை என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டார்.

“இருங்கக்கா, அந்தப் புள்ளைக்கே பார்சல் கட்டித் தரேன்.”

செல்வியின் கேள்வி

அந்தப் பெயரை வைத்துத் தேடியதில், எங்கோ வெளிநாட்டில் அதே நோயுள்ள இன்னொரு சிறுமி இருப்பது தெரிந்தது. அவள் அம்மாவுக்கு ஒரு மெயில் போடலாம் என்றேன். ஒன்பது வருஷமாகச் செல்வி ஏங்கியது அப்படி ஒரு அம்மாவுக்குத்தான். மருந்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். “அவங்க பொண்ணு லிஃப்ட் சத்தத்துக்குச் சிரிக்குமான்னு கேளுங்க” என்றார். அது ஒன்றுதான் கேள்வி.

பதில் வரும்வரை தினமும் காலையில் எனக்கு ஒரு மெசேஜ்: ‘வந்துச்சா?’ எனக்கே போனைப் பார்க்கப் பயமாகிவிட்டது.

வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். செல்வி யாழினியை வீல்சேரில் வைத்துக்கொண்டு புளோக்கின் கீழே லிஃப்டுக்கு நின்றிருந்தார். படித்துக் காட்டினேன்: “என் மகள் எந்தச் சத்தத்துக்கும் சிரிப்பதில்லை. மழை பெய்தால் மட்டும் முனகிப் பாடுவாள். உங்கள் மகள் பாடுவாளா?”

மகளின் பாட்டும் நோயோ என்று அந்த அம்மாவுக்கும் அதே பயம்தான். ஒரு குழந்தை சிரிக்கவில்லை என்பதை வைத்து, சிரிப்பு நோயில்லை என்று முடிவு கட்டக்கூடாது என்று டாக்டர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். லிஃப்ட் ‘டிங்’ என்றது. யாழினி சிரித்தாள். அந்த டாக்டர் சொன்ன பிறகு முதல் தடவையாகச் செல்வி கூடச் சேர்ந்து சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“உடனே எழுதுங்கக்கா, எம்பொண்ணு பாட மாட்டா. அந்தப் பாட்டு அவங்க பொண்ணோடது, இந்தச் சிரிப்பு எம்பொண்ணோடது!”

ஒன்பது வருஷம் நோயின் பெயரைத் தேடி அலைந்ததில், அந்த நோயில் சேராத ஒரு சிரிப்புதான் கைக்கு வந்தது. அதை எழுத என் ஆபீஸ் ஃபாரத்தில் கட்டமே இல்லை.