ஒரு சாண் அழுக்கு

"...மத்த எடத்துல மொகம் பாத்துச் சவரமே பண்ணிக்கலாம், இந்த ஒரு சாண் எடத்துல மட்டும் அழுக்கை யாருக்காகத்தான் சேத்து வச்சிருக்க?" என்று புதிதாக வந்த சமையல்காரர் கருப்பையா மாமா அண்டாவைக் காட்டிக் கேட்டபோது, புளி வாசமும் ஈர விறகின் புகையும் கலந்து கிடந்த ராமேஸ்வரத்துச் சத்திரத்து அடுப்படியில், அம்மா துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

ராமநாதபுரத்துக்கு மேற்கே மிளகாய் போட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அண்ணன் காய்ச்சலில் போனபிறகு, அய்யா அவன் பெயரை வெட்டிய பெரிய எவர்சில்வர் அண்டா ஒன்றைச் சத்திரத்துக்கு உபயமாகக் கொடுத்தார். "எம் புள்ள இருக்குற எடத்துல நானும் கெடக்கேன்" என்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு வந்து, அங்கேயே "ஏனம்" கழுவும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

அந்தக் கிணற்று நீர் கரிக்கும். அப்படியே காயவிட்டால் எவர்சில்வரிலும் வெள்ளை பூத்து, நாளடைவில் ஊசிமுனை அளவுக்குக் குழி விழும். அதனால் மணலையோ இரும்புச் சுரண்டியையோ தொடாமல், தேங்காய் நாரும் புளியும் கொண்டு தேய்த்து, அலசி, ஈரம் காய்வதற்குள் பழைய வேட்டித் துணியால் துடைத்துவிடுவாள். "உப்புத் தண்ணி ஏனத்துலயும் நிக்கக் கூடாது, கண்ணுலயும் நிக்கக் கூடாது" என்பது அவள் சொலவடை. அண்ணன் பெயரை மட்டும் நார் படாமல் சுற்றிப் போவாள். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் கரி அடைந்திருந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத அவளுக்கு அந்தக் கறுப்பு வடிவம்தான் அண்ணன். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று சத்திரத்து முதலாளி வரும் நாள் என்பதால், மாமாவே நாரைப் பிடுங்கி அந்த இடத்தைப் பளபளவென்று தேய்த்துவிட்டார். அம்மா அண்டாவை வெளிச்சத்துக்கு இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "எங்கனடி அவன்?" என்றாள்.

இன்று அந்த இடத்தில் லாட்ஜ் நிற்கிறது. அண்டா எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போய் உருகியதோ தெரியாது. அம்மாவும் இல்லை, மாமாவும் இல்லை. பெயர் வெட்டிய ஏனம் எங்கே கண்ணில் பட்டாலும், என் விரல் தானாகப் போய் அந்தப் புள்ளிகளைத் தடவுகிறது.

"எனக்கும் எழுத்துத் தெரியாது தாயி. என்ன போட்டிருந்துச்சு?" என்று மாமா அன்று என்னைக் கேட்டார்.

"பாண்டி. செத்துப்போன எங்கண்ணன் பேரு."

நாரைக் கீழே போட்டார். அடுப்போரத்துக் கரியைக் கட்டைவிரலில் வழித்து வந்து, அண்டாவின் முன் மண்டி போட்டு, அந்த ஒரு சாண் இடத்தில் மெதுவாகத் தேய்க்கத் தொடங்கினார்.