காகிதத் தட்டு ஆர்டிஸும் சிலந்தி டிப்பும்

எங்கள் ஊரில் ஒருவருடைய சமையலைப் பற்றி யாரும் வாய்திறந்து தீர்ப்புச் சொல்வதில்லை. அந்தப் பொறுப்பைப் பாத்திரத்திடம் விட்டுவிடுவார்கள். ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் பொது விருந்து முடிந்து வீடு திரும்பும்போது கொண்டுவந்த பாத்திரம் காலியாக இருந்தால் அது கௌரவம். பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால், துணியால் மூடி, பின்வாசல் வழியாகக் காருக்கு எடுத்துப்போய்விடுவது மரபு. ஆர்டிஸ் கோல்ஸ்டட்டுக்குப் பல ஆண்டுகளாக இந்த இரண்டு அனுபவமும் வாய்க்கவில்லை. அவர் விருந்துகளுக்குக் கொண்டுவருவது காகிதத் தட்டு.

ஆர்டிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். விஸ்கான்சினின் வடக்கில், குளிர்காலத்தில் சாலையும் வயலும் ஒரே வெள்ளையாகிவிடும் எங்கள் பகுதியில், அந்த மஞ்சள் வண்டியை அவர் ஒருமுறைகூடப் பள்ளத்தில் இறக்கியதில்லை. ஊரில் நாற்பது வயதுக்குட்பட்டவர்களில் அவருடைய வண்டியில் ஏறாமல் வளர்ந்தவர் அரிது. பின்பார்வைக் கண்ணாடியில் அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாலே கடைசி இருக்கைச் சண்டை ஓய்ந்துவிடும் என்பார்கள். அவருடைய வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்துகொண்டு நான் என் மேற்படிப்பை நடத்திவருகிறேன். எனவே கீழ்த்தளத்தில் நிகழும் எதுவும் சமையல் மணத்தோடு என்னிடம் வந்து சேர்ந்துவிடும்.

அவர் தட்டுக்காரரானதற்கு ஒரு வரலாறு உண்டு. தேவாலயத்தில் நடந்த ஒரு நீத்தார் விருந்துக்கு அவர் பச்சை ஜெல்லி செய்து கொண்டுபோனார். எல்லாரும் டப்பா அன்னாசியைப் போடுவார்கள். இறந்தவருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று ஆர்டிஸ் புதிய அன்னாசிப் பழத்தையே வாங்கி நறுக்கிப் போட்டார். புதிய அன்னாசி விழுந்த ஜெல்லி இறுகாது என்பது அன்று அவருக்குத் தெரியாது. அச்சைக் கவிழ்த்த மறுகணம் அது மேசை முழுவதும் பரவி, விளிம்பைத் தாண்டி, போதகரின் காலணிக்குள் இறங்கியது. யாரும் குறை சொல்லவில்லை. "வித்தியாசமா இருக்கே" என்று மட்டும் ஒருவர் சொன்னார். இந்த ஊரில் அதைவிடக் கடுமையான சொல் இல்லை. அடுத்த விருந்திலிருந்து, ஊர் விருந்துகளையெல்லாம் ஒருங்கிணைக்கும் லவோன், ஆர்டிஸின் பள்ளித் தோழி, அன்பு குறையாமல் அவரைத் தட்டுக்கு மாற்றிவிட்டார்.

இந்த ஆண்டு, பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் விருந்துக்கு ஒரு வாரம் முன்பு லவோன் வழக்கம்போலத் தொலைபேசியில் அழைத்தார். நான் அப்போது சமையலறையில்தான் இருந்தேன்; லவோனின் குரல் எனக்கும் கேட்டது.

"என்ன ஆர்டிஸ், ஞாயித்துக்கிழமை வர்றதானே?"

"வராம என்ன. இந்த வருஷம் சின்னதா ஏதாவது செஞ்சு கொண்டு வரலாமான்னு பாக்கறேன்."



"அய்யோ, உனக்கு எதுக்குடி சிரமம்?"

"சிரமமெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்ப சரி. உன் இஷ்டம்."

இருவரும் மனநிறைவோடு தொலைபேசியை வைத்தார்கள். தட்டு என்ற சொல்லை இருவருமே உச்சரிக்கவில்லை. உச்சரிப்பது நாகரிகமாக இருந்திருக்காது.

"கண்ணு," என்று ஆர்டிஸ் என் பக்கம் திரும்பினார். "நான் டிப் செய்யப் போறேன். இந்தத் தடவை பாத்திரம் காலியா வீட்டுக்கு வரணும். வரலைன்னா சாகிற வரைக்கும் நான் தட்டுதான்."

டிப் என்பது சிப்ஸால் தொட்டு அள்ளித் தின்னும் குழைவு; அவர் தேர்ந்தெடுத்தது அதிலும் மிகச் சுலபமானது. அடுப்பே தேவையில்லை. மசித்த பீன்ஸை அடியில் பரப்பி, அதன்மேல் தக்காளிச் சட்னி, துருவிய சீஸ், எல்லாவற்றுக்கும் மேலே எலுமிச்சை பிழிந்து மசித்த அவகாடோ. பச்சைத் தரை தயாரானதும், புளித்த கிரீமை நெகிழிப் பையில் நிரப்பி, மூலையைக் கத்தரித்து, வட்டத்துக்குள் வட்டமாகப் பிழிய வேண்டும். பிறகு பல்குச்சியால் நடுவிலிருந்து விளிம்புவரை இழுத்தால் சிலந்தி வலை. கறுப்பு ஆலிவ் காயில் பாதி சிலந்தியின் உடல். மற்றப் பாதியைச் சீவினால் கால்கள்.

முதல் ஒத்திகையைப் பார்க்க அவருடைய கணவர் ஹார்லன் வந்து நின்றார். சீஸ் ஆலையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சைச் செலவழிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

"இது என்ன?"

"சிலந்தி வலை."

"ம்." நெடுநேரம் பார்த்தார். "நம்ம ஊர் ரோடு மேப் மாதிரி இருக்கு."

அவர் சொன்னது உண்மைதான். ஆர்டிஸின் கை தன்னை அறியாமல் தினசரிப் பேருந்துத் தடத்தையே வரைந்திருந்தது. ஏரியைச் சுற்றும் சாலை உட்பட எல்லாம் இருந்தன.

"இருந்தா என்ன? நடுவுல ஸ்கூலு."

"அப்ப இந்த ஆலிவ்?"

"பிரின்சிபால்."

ஹார்லன் குனிந்து எண்ணினார். "கால் ஆறுதான் இருக்கு. ஆறு கால்னா அது எறும்பு."

"ஹாலோவீனுக்கு எறும்பு வரக்கூடாதுன்னு சட்டமா?"

"வரலாம். யாரு பயப்படுவா?"

ஆர்டிஸ் முணுமுணுத்துக்கொண்டே இன்னும் இரண்டு கால்களை ஒட்டினார். ஹார்லன் ஒரு சோளச் சிப்ஸால் அள்ளி வாயில் போட்டு, மென்று, விழுங்கி, "மோசமில்ல" என்றார். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் மனம் தளர்ந்துவிடுவார்கள். எங்கள் ஊரில் இதற்கு மேலான பாராட்டு கிடையாது. திருமண நாளன்று ஹார்லன் மணப்பெண்ணிடம் சொன்னதும் இதையேதான் என்று ஆர்டிஸ் என்னிடம் கூறியிருக்கிறார்.

ஆனால் ஜெல்லியின் நினைவு அவரை விடவில்லை. தக்காளிச் சட்னியைச் சல்லடையில் வடித்தார். திருப்தியில்லாமல் மறுபடியும் வடித்தார். கழுவுதொட்டிக்கு மேல் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, நகருதா பாரு! நகருதா?" என்று என்னைக் குனிந்து பார்க்கவைத்தார். அதுவும் போதாமல், காரின் முன்னிருக்கையில் பாத்திரத்தை வைத்து, இருக்கைப் பட்டையை மாட்டி, சரளைச் சாலையில் ஒரு சுற்றுப் போய்வந்தார். திருப்பத்தில் வேகத்தைக் குறைக்கவேயில்லை என்று பின்னிருக்கையில் இருந்த என்னால் உறுதி கூற முடியும். வலையில் ஓர் இழைகூட நெளியவில்லை.

ஞாயிறு வந்தது. எங்கள் ஊரில் குழந்தைகள் வீடுவீடாக மிட்டாய் கேட்டுப் போவதற்கு ஊராட்சி பிற்பகலைத்தான் ஒதுக்கும். ஆகவே பேய்களும் எலும்புக்கூடுகளும் வெயிலில், குளிர் கோட்டின்மேல் வேடத்தை மாட்டிக்கொண்டு உருண்டு திரண்டு நடந்துபோயின. அது முடிந்ததும் எல்லாரும் தீயணைப்பு நிலையத்தில் கூடினார்கள். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மேசைகள் போட்டிருந்தார்கள். சுவரோரமாக மின் பானைகள் வரிசையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தன. கறியும் பீன்ஸும் கொதிக்கும் சில்லி, குழைய வெந்த மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கும் சீஸும் சேர்ந்த குழைவு எல்லாம் இருந்தன. ஹார்லன் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு நிற உடுப்பில் வந்து, கேட்டவர்களிடம் தான் பூசணிக்காய் என்றார்.

லவோன் ராணித் தேனீ வேடத்தில் இருந்தார். ஆர்டிஸ் பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் அவருடைய தலையிலிருந்த இரண்டு உணர்கொம்புகளும் நடுங்கின.

"அடி ஆத்தி! இது நீ செஞ்சதா?"

"சும்மா, சின்னதா."

"வித்தியாசமா இருக்கே!"

ஆர்டிஸின் முகம் வெளுத்தது. லவோன் பாத்திரத்தைக் கையில் வாங்கி, நேரே சன்னல் மேடைக்கு எடுத்துச் சென்று, பஞ்சு நூலாம்படைக்கும் நெகிழிச் சிலந்திகளுக்கும் நடுவே வைத்தார். "இங்க இருந்தா எல்லாரும் பாக்கலாம். யாரும் கை வெச்சுக் கெடுக்கவும் மாட்டாங்க."

அது அலங்காரப் பொருளன்று, சாப்பிடுவதற்கு என்று சொல்ல ஆர்டிஸ் வாய் திறந்தார். பேருந்தில் அறுபது பிள்ளைகளை அடக்கும் அந்த வாய், தோழியின் முன் மூடிக்கொண்டது. சிப்ஸ் பொட்டலத்தை மட்டும் பாத்திரத்துக்கு அருகில் குறிப்பாக வைத்தார். லவோன் அதையும் எடுத்து, "இது சில்லி பக்கத்துல இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே போனார். கடந்துபோனவர்கள் எல்லாரும் சன்னலருகே நின்றார்கள், படம் எடுத்தார்கள், "வித்தியாசமா இருக்கு" என்றார்கள், நகர்ந்தார்கள்.

"பாத்தியா கண்ணு," என்று ஆர்டிஸ் என் காதில் சொன்னார். "இதுக்கு ஜெல்லியே தேவலை. போதகர் கால்லயாவது போச்சு."

தீயணைப்புத் தலைவர் வெண்டல், எலும்புக்கூடு படம் போட்ட உடுப்பின் பின்பக்க ஜிப்பு பாதியில் நின்றுவிட்ட நிலையில், விருந்தைத் தொடங்கிவைத்தார். வரிசை உருவானது. வரிசையின் தலைப்பகுதி மேசையின் முனையை அடைந்ததும் அசையாமல் நின்றது.

"தட்டு எங்க?" என்றார் வெண்டல்.

கூடத்தில் இருந்த எல்லாருடைய தலையும் ஆர்டிஸின் பக்கம் திரும்பியது.

"ஆர்டிஸ்," என்றார் லவோன், இனிமை குறையாமல். "தட்டு கார்ல இருக்கா?"

"இல்ல."

"வீட்டுல மறந்துட்டியா?"

"இல்ல."

"பின்ன எங்கதான் இருக்கு?"

"கடையில."

ஊரின் ஒரே கடை ஞாயிறு மதியமே அடைக்கப்பட்டுவிடும். "நான் ஏதாவது செஞ்சு கொண்டு வர்றேன்னு சொன்னேனே" என்றார் ஆர்டிஸ். "அது தட்டுக்கு மேலன்னு நெனச்சேண்டி!" என்றார் லவோன். "நான் தட்டுக்குப் பதிலான்னு நெனச்சேன்." இருவர் முகமும் சிவந்தன. கேட்டுத் தெளிவதற்கு ஒரு வாரம் இருந்தது. கேட்பதுதான் முடியாமல் போயிற்று.

அடுத்த சில நிமிடங்களை விவரிப்பது கடினம். வெண்டல் ஒரு மின் பானையின் மூடியைக் கவிழ்த்துப் பிடித்துச் சில்லியை ஊற்றிக்கொள்ள முயன்று கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டார். யாரோ ஒருவர் காபி வடிகட்டும் தாளில் உருளைக்கிழங்கை வைத்துப் பார்த்தார். அது தாளோடு தரைக்குப் போயிற்று. ஆனாலும் வரிசை கலையவில்லை. இந்த ஊரில் வரிசையிலிருந்து விலகுவது வழக்கமில்லை. பசியோடு, புன்னகையோடு, எல்லாரும் நின்றார்கள்.

ஆர்டிஸ் அந்த வரிசையை ஒருமுறை முழுமையாகப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். பேருந்தின் பின்பார்வைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல நிமிர்ந்தார். சில்லியருகே கிடந்த சிப்ஸ் பொட்டலத்தை எடுத்தார். சன்னல் மேடையிலிருந்து பாத்திரத்தை இறக்கி, மேசையின் நடுவில் வைத்தார். பிறகு பேருந்துக் குரல் எழுந்தது.

"கேளுங்க எல்லாரும்! இது பொம்மை இல்ல, டிப். இதுக்குத் தட்டு வேணாம். வரிசையா வாங்க. தள்ளாதீங்க. ஒரு சிப்ஸ் எடு, முக்கு, நகரு!"

கூடம் அப்படியே நிமிர்ந்தது. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள். வரிசை உடனே திரும்பி, பாத்திரத்தை நோக்கி நேரானது. ஆனால் பாத்திரத்தின் முன் மீண்டும் நின்றது.

"நீங்க எடுங்க."

"அய்யோ, நீங்க முதல்ல."

"எப்படி மனசு வரும்? இவ்வளவு அழகான வலையை நான் போய் உடைக்கிறதா?"

"வெண்டல்!" என்றார் ஆர்டிஸ்.

தீயணைப்புத் தலைவர் விறைத்து நின்றார். "சொல்லுங்க மேடம்."

"எட்டாவது படிக்கிறப்ப எல்லாரையும் இடிச்சுட்டு மொத ஆளா ஏறுவியே. இப்ப என்ன வெட்கம்? எடு."

வெண்டல் கண்ணை மூடிக்கொண்டு சிப்ஸை ஏரிச் சாலையில் இறக்கினார். மென்றார். கண் திறந்தது. உடனே இரண்டாவது சிப்ஸை எடுக்கக் கை நீட்டினார்.

"நகருன்னு சொன்னேன்!"

அதற்குப் பிறகு நிற்கவில்லை. முக்கினார்கள், நகர்ந்தார்கள், வரிசையின் கடைசியில் போய் மறுபடி சேர்ந்துகொண்டார்கள். போதகர்கூட இரண்டு முறை வந்தார், காலணியைச் சற்றுத் தள்ளி வைத்தபடி. நாட்டுப்புறச் சாலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இறுதியில் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் ஒரு கரண்டி அளவு டிப்பும், அதன்மேல் எட்டுக் கால் சிலந்தியும் மிஞ்சின.

அங்கேதான் எல்லாம் முடங்கியது. எங்கள் ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுக்கமாட்டார்கள். எடுத்தால் பேராசைக்காரர் என்று பெயர். ஒருவர் அதில் பாதியை எடுத்தார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதியை எடுத்தார். சிலந்தியை எல்லாரும் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு விரல்நுனி டிப்பின்மேல் அது தனியே அமர்ந்திருந்தது. ஆர்டிஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் காலியாகவில்லை.

லவோன் மட்டும் இதுவரை ஒரு வாயும் சாப்பிடவில்லை. அவர் எழுந்து வந்தார். பொட்டலத்தின் அடியில் கிடந்த உடைந்த சிப்ஸ் ஒன்றைத் தேடி எடுத்தார். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பாத்திரத்தின் அடியோடு வழித்து, சிலந்தியைக் கால்களோடு தூக்கி வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டேயிருந்தார். உணர்கொம்புகள் மெதுவாக ஆடின.

"மோசமில்ல" என்றார்.

ஆர்டிஸ் மூக்கை உறிஞ்சினார். குளிர் என்றார்.

"அடுத்த வருஷமும் இதையே கொண்டு வாடி" என்றார் லவோன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "தட்டை வேணா நான் கொண்டு வர்றேன்."

"அய்யோ, உனக்கு எதுக்குடி சிரமம்?"

"சிரமமெல்லாம் ஒண்ணும் இல்ல."

அன்று மற்ற எல்லாப் பானைகளும் நிறைந்தபடியே திரும்பின. பின்வாசலில் நெரிசல். ஆர்டிஸ் மட்டும் முன்வாசல் வழியாக, பாத்திரத்தை மூடாமல், உட்புறம் எல்லாருக்கும் தெரியும்படி சற்றுச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். காரில் அதை முன்னிருக்கையில் வைத்து இருக்கைப் பட்டையை மாட்டினார். ஹார்லன் பின்னிருக்கையில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

"காலிப் பாத்திரத்துக்கு எதுக்கு பெல்ட்டு?"

"இப்பதான்யா இது பத்திரமாப் போகணும்" என்று சொல்லி, ஆர்டிஸ் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தார்.