ஆமைக்குப் போட்ட முள்வேலி

இன்று தாம்பரம் பஸ்ஸில் எங்கள் தெரு ஏகாம்பரம் அண்ணன் ஏறினார். பார்த்ததுமே, "ஆமை சௌக்கியமாண்ணா?" என்றேன். முப்பது வருஷமாக அவரை இதைத்தான் கேட்கிறேன்.

தொண்ணூறுகளில் முடிச்சூரில் கல் நட்ட இடமெல்லாம் பிளாட். அப்போது ஆற்றங்கரை நாணல் ஓரமாக ஓர் ஆமை குழி பறித்து முட்டையிட்டதைப் பார்த்தேன். நாய் கிளறாமல் இருக்கச் சுற்றிலும் கருவேல முள்ளை வெட்டிப் போட்டேன்.

மறுநாளே அண்ணன் கடப்பாரையோடு வந்துவிட்டார்.

"இன்னாம்மா, பொறம்போக்க வளைச்சிக்கினியா?"

"எனக்கில்லண்ணா. உள்ள ஒரு குடும்பம் கீது."

நம்பாமல் முள்ளை இழுத்துப் போட்டு மண்ணைக் கிளறினார். வெள்ளை வெள்ளையாக முட்டைகள். கையாலேயே மண்ணைத் தள்ளி மூடி, முள்ளையும் திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

அண்ணன் ஆமை வீட்டை இடிக்கக் கடப்பாரையோடு வந்த கதையை நான் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

ஆனால் மழை விட்ட ஒரு காலையில் போய்ப் பார்த்தால் குழி காலி. நாய்தான் தின்றிருக்கும் என்று எனக்கு இன்றுவரை வருத்தம். பஸ்ஸில் அதையும் அவரிடம் சொன்னேன்.

அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "நாயா? தெனம் விடியகாலைல நான் போய்ப் பாத்துகினு இருந்தேம்மா. ஒம்போது குஞ்சு. அத்தினியும் தண்ணிக்குப் போச்சு. முள்ள நவுத்தி வழி வுட்டதே நான்தான்."

"இத்தினி வருசமா ஏண்ணா சொல்லல?"

"சொன்னா அதுக்கும் சிரிப்பியே."

இரும்புலியூரில் இறங்கும் வரைக்கும் நான் சிரிக்கவே இல்லை. நம்பாதவர்கள் கண்டக்டரைக் கேளுங்கள்.