மைக் செட் சென்னப்பனும் தொண்ணூறுகளின் ராப்பும்

என் அக்கா சுகுணாவின் வீட்டுக்காரர் சென்னப்பனுக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் மைக் செட் தொழில். காதுகுத்து, கல்யாணம், மாரியம்மன் பண்டிகை எதுவானாலும் அவர் செட்தான். ஐம்பது வயதில் அந்த மனுஷனுக்கு ஒரு பித்துப் பிடித்தது. காலேஜ் விழா ஒன்றுக்கு செட் போடப் போன இடத்தில், மேடையில் கிட்டார் வாசித்த பெண் ஒரு பென் டிரைவைக் கொடுத்துவிட்டாள். தொண்ணூறுகளில் அமெரிக்காவில் பேர் வாங்கிய ராக், ராப் ஆல்பங்கள். மொத்தம் முப்பத்தேழு! எல்லாவற்றையும் போனில் ஏற்றிக்கொண்டு இயர்போனை மாட்டியவர்தான்.

சும்மா சொல்லக்கூடாது, அவர் கேட்கிற விதமே தனி. நானெல்லாம் ஒரு பாட்டைப் பாதி கேட்டு அடுத்ததுக்குத் தாவுகிற ஆள். அவர் முதல் பாட்டில் கண்ணை மூடினால் கடைசிப் பாட்டு முடிந்துதான் திறப்பார். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும், "இவன் மொதலாளி மேல காண்டுல இருக்கான் மாப்ள. மூணாவது பாட்டுல அம்மாவ நெனச்சுக்கறான்" என்பார். பெங்களூரில் பதினைந்து வருஷம் குப்பை கொட்டியவன் நான். வரிகளைத் தேடிப் படித்துப் பார்த்தால் அவர் சொன்னதேதான் இருக்கும். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்காது.

அக்காவுக்கு வேறு எரிச்சல். போன சித்திரையில் போன் செய்தாள்.

"கலைவாணா, வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடு. பேசுனா பாதி நேரம் பதிலே இல்ல. பதினோரு வருஷமா பொறுத்துட்டேன். இப்ப காதுல ஒயர வேற சொருவிக்கிட்டாரு. துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன்."

எனக்கு வந்ததே கோபம்! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பதென்று பஸ் ஏறினேன். வாசலில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"வா மாப்ள, இத மட்டும் கேட்டுட்டு அப்பறம் திட்டு. ஒருத்தன் கேள்வி கேக்கறான். கேட்டுட்டு அப்படியே வுட்டுடறான் பாரு. யாரும் பதில் சொல்றதில்ல. மறுபடி கேக்கறான். அந்த வெறும் எடம் இருக்குதே, அதுக்கே கும்புடலாம்."

வலது காதில் இருந்ததை விட்டுவிட்டு, இடது காதில் இருந்ததை மட்டும் கழற்றி எனக்குத் தந்தார். மாட்டினேன். என் காதில் ஒருத்தன் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, இவன் பதில்தானே சொல்லிட்டிருக்கான்?"

"யாரு? அங்க யாரும் இல்லியே."

என்னிடம் இருந்ததை அவர் இடது காதிலேயே திரும்ப வைத்து, வலது காதில் இருந்ததைப் பிடுங்கினேன்.

"ஏன் மாப்ள நிறுத்திட்ட?" என்றார்.

நான் எதையும் நிறுத்தவில்லை. சத்தத்தை முழுக்க ஏற்றினேன். பக்கத்தில் நின்ற எனக்கே இரைச்சல் கேட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கோபமெல்லாம் எங்கே போனதோ, பாட்டை நிறுத்தினேன்.

ஜெனரேட்டரும் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸும் முப்பது வருஷமாக அவருக்கு இடப்பக்கம்தான். இயர்போனில் கேள்வி வலது காதுக்கும் பதில் இடது காதுக்குமாகப் பிரிந்து வருகிறது; மைக் செட்டில் எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்தே வருவதால் ஒரு காது போனதை மனுஷன் கண்டுபிடிக்கவே இல்லை. பாதிப் பாட்டை மட்டும் கேட்டுத்தான் அத்தனை பேர் மனசையும் அளந்திருக்கிறார்!

பையோடு வாசலுக்கு வந்த அக்கா எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

"பைக்ல பின்னாடி உக்காந்து நான் பேசறது கேக்குமா?" என்றாள். ஒருபக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்து, அவருடைய இடது தோளுக்கு மேல்தான் அவள் பேசுவாள்.

"காத்து அடிக்கும். நீ பேசாம வர்றேன்னு நெனச்சுக்குவேன்."

"டாக்டரம்மா எனக்குக் கொழந்த தங்காதுன்னு சொன்னாங்களே. பதினோரு வருஷத்துக்கு முன்ன, அன்னிக்கு சேலத்துலருந்து வர்றப்ப?"

"அன்னிக்கா? நீ அழுதுட்டு வர்றன்னு நானும் வாயத் தொறக்கல. என்ன சொன்ன?"

அக்கா சுற்றிக்கொண்டு அவருடைய வலப்பக்கம் போனாள். குனிந்தாள்.

"நான் போயிடறேன், வேற கட்டிக்கறீங்களான்னு கேட்டேன்."

மாமா மிச்சமிருந்த இயர்போனையும் கழற்றிப் போட்டார். அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்னு சொல்லியிருப்பேனே சுகுணா. அன்னிக்கே வண்டிய நிறுத்திச் சொல்லியிருப்பேனே."