வியாழக்கிழமையின் ராகுகாலம்

என் போனில் வானிலை பார்க்கும் இடத்தில் மூன்று ஊர்கள் இருக்கின்றன. நாங்கள் இருக்கும் லண்டனின் வெஸ்ட் ஈலிங், அம்மா இருக்கும் யாழ்ப்பாணம், மூன்றாவது நாங்கள் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்த சுவிஸ் மலைக் கிராமம். அங்கே எங்களுக்கு இப்போது ஒரு முழம் நிலமும் இல்லை. அதை அழித்துவிடச் சொல்லி மகள் எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். எனக்கு மனம் வரவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, செப்டெம்பர் பாதிகூட ஆகவில்லை, மூன்றாவது ஊருக்கு நேரே பனிச் சின்னம் வந்து உட்கார்ந்திருந்தது. நாளை மதியத்திலிருந்து பனிப்புயல், மலைப்பாதைகள் மூடப்படலாம் என்று எச்சரிக்கை. யன்னலுக்கு வெளியே லண்டன் தன் வழக்கமான தூறலைத் தூறிக்கொண்டிருந்தது. நான் தேநீரைக் குடிக்காமல் அப்படியே இருந்துவிட்டேன். இதே மாதிரிக் காலம் தப்பி வந்த ஒரு பனிப்புயலன்றுதான் என் கணவருக்கு ஒரு பொய் சொன்னேன். அன்று காலை வரைக்கும் அதை ஒப்புக்கொண்டிருக்கவில்லை.

லண்டனுக்குப் போவோம் என்று நச்சரித்தவள் நானேதான். மகளுக்கு அப்போது ஏழு வயது. இங்கிலீஷில் படிக்கட்டும், கோயில் குளம் என்று நாலு சனத்தோடு இருப்போம் என்று இரண்டு வருஷம் அந்த மனுஷனை நிம்மதியாக இருக்கவிடவில்லை. கடைசியில் லண்டனில் இருந்த அவருடைய அண்ணன், தெரிந்தவரின் கடையில் மனேச்சர் வேலை ஒன்று பேசி வைத்தார். சனிக்கிழமை காலை வந்து நிற்கவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளை எடுப்பார்கள். நாங்கள் வியாழக்கிழமை ஒரு வான் வண்டியில் சாமான்களோடு புறப்படுவதாக ஏற்பாடு.

புதன் மாலை அடுத்த வீட்டு மாட்டுப்பண்ணைக்காரி ஓடி வந்தாள். நாளை மதியம் பனிப்புயல் வருகிறது, பத்து மணிக்குள் மலையைத் தாண்டிவிடுங்கள் என்றாள். ஊரை விட்டு வெளியே போக அந்த ஒரு பாதைதான். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். மேல்மலையில் நிற்கும் மாடுகளையும் பனிக்கு முன்னே நாளைக் காலை இறக்கப்போகிறார்களாம்.

மாடு இறக்கும் நாளில் எனக்கு ஓர் உத்தியோகம் உண்டு. நாங்கள் வந்த முதல் வருஷம், கோடை முழுக்க மலையில் மேய்ந்துவிட்டு இறங்கிய மாடுகள் எங்கள் வீட்டுச் சந்தியில் வழி மாறி, நான் ஆசையாக நட்ட லீக்ஸ் பாத்தியை ஒரு வழி பண்ணிவிட்டன. அடுத்த வருஷம் பாத்தியைக் காக்க விளக்குமாற்றுத் தடியோடு சந்தியில் போய் நின்றேன். அதன் பிறகு அது என் இடமாகிவிட்டது. கழுத்தில் பெரிய மணியும் தலையில் பூவுமாக, மாட்டுப் பொங்கலுக்கு வெளிக்கிட்ட மாதிரி அவை வரும். நான் தடியை நீட்டித் தமிழில் அதட்டுவேன். சுவிஸ் மாடுகள் மறுபேச்சில்லாமல் திரும்பிப் போகும். அந்த ஊரில் யாரும் என்னை வெளிநாட்டுக்காரியாகப் பார்க்காத நாள் வருஷத்தில் அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை சுணங்கிச் சுணங்கிப் பத்தரைக்குத்தான் வான் நிறைந்தது. அவர் வண்டியைக் கிளப்பத் திறப்பைக் கையில் எடுத்த நேரம் மேலேயிருந்து மணிச்சத்தம் கேட்டது. கொஞ்சம் நிற்போம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வருஷம் நச்சரித்த வாயல்லவா.

"இப்ப ராகுகாலம். பன்னிரண்டு கழியட்டும், வெளிக்கிடுவம்" என்றேன்.

பத்தரை முதல் பன்னிரண்டு வரை என்பது வெள்ளிக்கிழமையின் ராகுகாலம். வியாழனுக்கு ஒன்றரைக்குத்தான் தொடங்கும். தமிழ்க் கலண்டர் பெட்டிக்குள் போய்விட்டது என்ற தைரியம் எனக்கு. அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்றார். மகளை அவரோடு விட்டுவிட்டுத் தடியைத் தூக்கிக்கொண்டு சந்திக்கு ஓடினேன். அவசரத்தில் அந்த வருஷம் மாடுகளுக்குப் பூ வைக்கவில்லை, மணி மட்டும்தான். கடைசி மாட்டோடு வந்த பண்ணைக்காரி என்னைக் கண்டு திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் தோளைப் பிடித்து ஒருதரம் உலுக்கிவிட்டுப் போனாள்.

நேரே வந்து வானில் ஏறினேன். பன்னிரண்டுக்குப் புறப்பட்டோம். மலையடிவாரத்தில் பாதையை மூடிவிட்டார்கள். ஒன்றரைக்கு, உண்மையான ராகுகாலம் தொடங்குகிற நேரத்தில், கொட்டுகிற பனிக்குள் ஊர்ந்து வெறும் வீட்டுக்கே திரும்பினோம். உள்ளே எங்கள் பெரிய மெத்தை மட்டும் கிடந்தது. அவர் ஏற்ற மறந்துவிட்டார் என்று சிரித்தேன். பாதை திறக்கும்வரை இரண்டு இரவு மூன்று பேரும் அதில்தான் படுத்தோம்.

லண்டன் வந்து சேர ஞாயிறாகிவிட்டது. கடையில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவர் பதினொரு வருஷம் குளிர்க் கிடங்கு ஒன்றில் ஷிப்ட் வேலை செய்தார். முழங்கால் இரண்டும் போய்விட்டன. அந்த முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் அந்தப் பொய் என் தொண்டை வரைக்கும் வரும். விழுங்கிவிட்டு மெத்தைக் கதையை எடுப்பேன். மெத்தையை மறந்த மனுஷன் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். அவரும் கூடச் சிரிப்பார்.

சென்ற ஞாயிறு போனை அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பனிச் சின்னத்தைப் பார்த்தார். அதற்கு மேலும் என்னால் விழுங்க முடியவில்லை.

"அண்டைக்கு ராகுகாலம் இல்லை. நான் பொய் சொன்னனான்."

அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வியாழன் ஒண்டரைக்கு எண்டு தெரியாமலிருக்க நான் என்ன வெள்ளைக்காரனே?"

"தெரிஞ்சுகொண்டோ நிண்டனீங்கள்? அந்த வேலை?"

"நீர் தடியோட சந்தியிலை நிண்டதை யன்னலாலை பாத்தனான். இனி வெளிக்கிட்டாலும் திரும்பித்தான் வரவேணும் எண்டு விளங்கீட்டுது. அப்பதான் மெத்தையைத் திரும்ப இறக்கி உள்ளுக்குப் போட்டனான். பிள்ளை வெறும் நிலத்திலை படுக்க ஏலாதெல்லே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை பேருக்கு முன்னால் அந்த மெத்தையைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், இன்னும் அந்தச் சின்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு விடிய மாடு இறக்குவினம்" என்றார். "சந்தியிலை ஆர் நிப்பினமோ தெரியாது."