சார்ஜ் ஏறும் வரைக்கும்

உபகாரமேரி டீச்சருக்கு மலைமேலுள்ள கரியாலூர் பள்ளிக்கு மாற்றல் வந்தபோது ஐம்பது தாண்டியிருந்தது. கள்ளக்குறிச்சியில் அவரும் மகள் ஜூலியாவும் மட்டும்தான். மலை பஸ் பள்ளி நேரத்துக்கு ஒத்துவரவில்லை. காலமான கணவர் ஓட்டிய பழைய எலக்ட்ரிக் கார் வீட்டில் நின்றது. அதை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சமவெளியில் அந்த வண்டியால் தொல்லையில்லை. மலை ஏற ஆரம்பித்தால்தான் சார்ஜ் மளமளவென்று இறங்கும். ஏசியைப் போடமாட்டார். முன்னால் லாரி திணறினால் முந்தாமல் அதன் பின்னாலேயே ஊர்ந்து போவார். அப்படியும் முதல் நாள் மேலே போய்ச் சேர்ந்தபோது கால்வாசிகூட மிச்சமில்லை. பள்ளியில் வயரிங் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

பள்ளிக்குப் பக்கத்து வீட்டு ஆண்டாள்தான் கூப்பிட்டாள். அவளும் கணவன் பூமாலையும் மரவள்ளி போட்டிருந்தார்கள். பகலெல்லாம் அந்த வீட்டு பிளக்கில் தண்ணீர் மோட்டார் ஓடும். சாயங்காலம் மோட்டாரை நிறுத்தியதும் கார் ஒயரை மாட்டிக்கொள்ளலாம் என்றாள்.

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் ஆண்டாள் வீட்டில்தான். ஆண்டாள் கிழங்கு வேகவைத்துத் தருவாள். டீச்சர் கீழேயிருந்து மீன் வாங்கி வருவார். பிள்ளை தங்காமல் போன கதையை ஆண்டாள் சொன்னதும், கணவர் போன பிறகு வீட்டில் சமைக்கவே பிடிக்கவில்லை என்று டீச்சர் சொன்னதும் அந்த நேரத்தில்தான். இருவருமே அதையெல்லாம் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாவது வருஷம் ஐப்பசியில் ஆண்டாளுக்கு வயிற்று வலி வந்தது. பல நாள் மறைத்திருக்கிறாள். ஒருநாள் சாயங்காலம் நிற்க முடியாமல் சுருண்டு விழுந்தாள். மழையில் கரண்டும் இல்லை. இருந்த சார்ஜோடு டீச்சர் அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்து, பூமாலையை முன்னால் ஏற்றிக்கொண்டு இறங்கினார். வழியில் வலி கொஞ்சம் அடங்கியபோது ஆண்டாள் தலையைத் தூக்கி, வண்டித் திரையில் சார்ஜ் எண் கூடுவதைப் பார்த்துவிட்டாள்.

"எறங்கும்போது தானா ஏறுதுங்களே, டீச்சர்?"

"ஆமா. எறக்கத்துல அப்பிடித்தான்."

"அப்ப தினம் எங்கூட்டுல இன்னாத்துக்கு மாட்டுனீங்க?"

டீச்சர் ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு, ஆண்டாளு. மாட்டலன்னா உன்னாண்ட ஒக்காந்து பேச முடியாதே."

ஆண்டாள் கையை நீட்டி டீச்சரின் தோளில் வைத்துக்கொண்டாள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உடனே புதுச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அவ்வளவு தூரத்துக்கு இந்த வண்டி தாங்காது. ஆம்புலன்சில் பூமாலை மட்டும் கூடப் போனான். சனிக்கிழமை பஸ் பிடித்து வருவதாக டீச்சர் சொல்லியனுப்பினார். வெள்ளிக்கிழமையே ஆண்டாள் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை டீச்சர் மலைக்குத்தான் போனார். அடக்கம் முடிந்து எல்லாரும் திரும்பிய பிறகு பூமாலை மோட்டார் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கார் ஒயரை எடுத்துத் தரச் சொன்னான்.

"போட்டுக்கோங்க டீச்சர். வூடு போய்ச் சேரணுமில்ல."

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவனே மாட்டினான். டீச்சர் வாசலில் அந்த ஒரு மணி நேரமும் உட்கார்ந்திருந்தார். உள்ளே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

தை பிறந்ததும் பூமாலை வீட்டைப் பூட்டிவிட்டுக் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனான். டீச்சர் இப்போது பள்ளி விட்டதும் நேரே இறங்கிவிடுகிறார். வெளிச்சம் இருக்கும்போதே அம்மா வந்துவிடுவது நிம்மதியாக இருக்கிறது என்கிறாள் ஜூலியா. ஆமாம் என்று சொல்லிவிட்டு, டீச்சர் முகம் கழுவப் போய்விடுகிறார்.